ஹந்தானைக் கோபுரத்தில் தொங்கிய நிசார் நானா

1. பெல்ட் மாறிய காலம்

நான் தொலைத்தொடர்புக் கோபுரம் ஏறத் தொடங்கியபோது எங்களுக்கு இடுப்பு பெல்ட் மட்டும்தான். அகலமான ஒரு பட்டி, அதில் ஒரு கயிறு, கயிற்றின் நுனியில் ஒரு கொக்கி. வேலை செய்யும் இடத்துக்குப் போய்க் கொக்கியை மாட்டிவிட்டுச் சாய்ந்து நிற்போம். ஏறும்போதும் இறங்கும்போதும் வெறுங்கைதான்.

கைத்தொலைபேசி வந்து, கண்டியைச் சுற்றியிருந்த மலைகளிலெல்லாம் கோபுரம் நட ஆரம்பித்த பிறகுதான் ஃபுல் பொடி ஹார்னஸ் எங்கள் கைக்குக் கிடைத்தது. எங்கள் கொன்ட்ராக்டர் சேர் ஒரு நாள் காலையில் நான்கு பெட்டிகளை ஸ்டோருக்குக் கொண்டுவந்து பிரித்துக் காட்டினார். தோளுக்கு இரண்டு பட்டி, நெஞ்சுக்கு ஒன்று, தொடைக்கு இரண்டு. நெஞ்சில் ஒரு டி ரிங், முதுகில் ஒரு டி ரிங். முதுகு ரிங்கிலிருந்து இரண்டாகப் பிரியும் லேன்யார்ட் கயிறு, இரண்டு நுனியிலும் பெரிய கொக்கி. ஒன்றைக் கழற்றும்போது மற்றது மாட்டியிருக்க வேண்டும். லேன்யார்டின் நடுவே ஒரு சின்னப் பொதி இருக்கும். ஆள் விழுந்தால் அதற்குள் மடித்துத் தைத்த நாடா கிழிந்து நீண்டு, அதிர்ச்சியைத் தான் வாங்கிக்கொள்ளும்.

சேர் சொன்னது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. "இனிமே பயம் இல்ல. விழுந்தாலும் இது புடிச்சுக்கும்."

பிடித்த பிறகு என்ன செய்வது என்று அவர் சொல்லவில்லை. அன்று ஸ்டோரில் நின்ற எங்களில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

எங்கள் கூட்டத்தில் ஹார்னஸை ஒழுங்காகக் கட்டியவர் நிசார் நானா. கலகெதரக்காரர், என்னைவிட ஆறு வயது மூத்தவர். நான் கண்டி டவுனில் பிறந்தவன், அப்பாவுக்கு மாநகர சபையில் வேலை. அவருடைய ஊர்ப் பிள்ளைகள் அண்ணனைக் கூப்பிடுவதுபோல நானும் அவரை நானா என்றே கூப்பிட்டேன். அவர் என்னைத் தம்பி என்பார், ஆனால் நீங்க என்றுதான் பேசுவார். தினமும் காலையில் ஹார்னஸை மடியில் போட்டு, ஒவ்வொரு தையலையும் கட்டை விரலால் தடவிப் பார்ப்பார். பட்டிகளைப் பூட்டும் பக்கிள் ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்ப்பார். நாங்கள் டீ குடித்து முடிக்கும்வரை அவருடைய தடவல் முடியாது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், அன்று நடந்தது கவனமில்லாத ஒருவருக்கு நடந்ததல்ல.

2. மூட்டம்

ஹந்தானை மலையில், தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயங்களுக்கு மேலே ஐம்பது மீட்டர் கோபுரம். கீழே கயிறு இழுக்கும் வின்ச்சில் பியசேன. பேராதனைப் பக்கத்துச் சிங்களவர், எங்களோடு பழகி அரைகுறைத் தமிழ் பேசுவார். மேலே நானும் நிசார் நானாவும் மட்டும்.

ஏறும்போது நல்ல வெயில். பாதி உயரத்தில் நின்று பார்த்தால் கண்டிக் குளமும் டவுனும் தெரிந்தன. பத்து மணிபோல பனிமூட்டம் பள்ளத்திலிருந்து எழும்பி வந்தது. முதலில் லயத்துக் கூரைகள் போயின, பிறகு வின்ச், பிறகு கோபுரத்தின் கால்கள். கடைசியில் என் கையும் நான் பிடித்திருந்த ஸ்பானரும் தவிர ஒன்றும் தெரியவில்லை. இரும்பெல்லாம் வியர்த்திருந்தது. மூட்டம் வந்தால் இறங்க வேண்டும் என்று அப்போது எங்களுக்குச் சட்டம் எதுவும் கிடையாது. அன்று மாலைக்குள் வேலை முடிய வேண்டும் என்று சேர் சொல்லியிருந்தார்.

நான் உச்சிக்குப் பக்கத்தில் ஒரு அன்டெனாவைப் பூட்டிக்கொண்டிருந்தேன். நிசார் நானா எனக்குப் பன்னிரண்டு மீட்டர் கீழே, டிஷ் மாட்டுவதற்காகக் கோபுரத்துக்கு வெளியே ஒன்றரை மீட்டர் நீட்டியிருந்த இரும்புக் கையில் இருந்தார்.

சேலையைக் கிழிப்பதுபோல ஒரு சத்தம் கேட்டது. கோபுரம் என் உள்ளங்காலில் ஒரு தடவை அதிர்ந்து நின்றது. கூச்சல் எதுவும் இல்லை. நான் கூப்பிட வாயெடுப்பதற்குள் அவரே பேசினார்.

"ஒண்டுமில்ல தம்பி. சறுக்கிட்டு. பெல்ட் புடிச்சிட்டு. நான் நல்லா ஈக்கிறேன்."

அவர் எனக்குக் கீழே இருந்தார். குரலோ என் தலைக்கு மேலே இருந்து வந்தது. மேலே இடிதாங்கிக் கம்பியைத் தவிர ஒன்றுமில்லை என்று தெரிந்தும் அண்ணாந்து பார்த்தேன். வெள்ளையாக இருந்தது, அவ்வளவுதான்.

ஏற முடியுமா என்று கேட்டேன். கை எட்டவில்லை, கொஞ்சம் பொறுத்துப் பார்க்கிறேன், பிடித்த வேலையை நீங்கள் முடியுங்கள் என்றார். நானும் முடித்தேன். இன்னும் இரண்டு போல்ட் இருந்தன. கயிற்றால் கட்டி வைத்துவிட்டு இறங்கியிருக்கலாம். ஆனால் பெல்ட்தான் பிடித்துவிட்டதே, ஆள்தான் நன்றாகப் பேசுகிறாரே என்று நினைத்தேன். இரண்டு போல்ட்டுக்கு ஐந்தாறு நிமிடம் போயிருக்கும்.

3. யாரோடு பேசினார்

இரண்டாவது போல்ட் இறுகும்போது அவர் மெதுவாகப் பேசிக்கொண்டிருப்பது கேட்டது. பியசேனவோடு வோக்கி டோக்கியில் பேசுகிறார் என்று நினைத்தேன். என்னிடமும் ஒரு செட் இருந்தது. அதில் சத்தமே இல்லை. அவரோ, ஓ என்பார், கொஞ்ச நேரம் சும்மா இருப்பார், சரி என்பார். எதிரே ஒருவர் பேச, அவருக்குப் பதில் சொல்வதுபோல இருந்தது.

"யாரோட பேசுறீங்க நானா?"

"இங்க நிக்கிற ஆளோட."

"எங்க நிக்கிறாரு?"

"கால்மாட்டுல."

அவருடைய காலுக்குக் கீழே முப்பது மீட்டருக்கு மேல் வெறும் காற்று.  இதற்கு ஏதாவது மருத்துவக் காரணம் இருக்கும் என்று அப்போது நினைத்தேன் என்று சொன்னால் பொய். கீழே இறங்கவே எனக்குப் பயமாக இருந்தது. அவர் இருக்கும் இடத்துக்குப் போக ஒரு நிமிடமாவது நான் தயங்கினேன்.

பிறகு இறங்கினேன். கண்ணை இரும்பில் மட்டும் வைத்து, ஒரு கொக்கி, மறு கொக்கி என்று மாற்றி மாற்றி. அவர் இருக்க வேண்டிய உயரத்துக்கு வந்து கூப்பிட்டேன். பதில் இல்லை. நான் இறங்கியது கோபுரத்தின் தப்பான பக்கம். குறுக்குக் கம்பிகளைப் பிடித்து மறுபக்கம் சுற்றி வந்தேன்.

மூட்டம் கொஞ்சம் விலகியது. செம்மஞ்சள் மழைக்கோட் போட்ட ஒரு ஆள் ஆகாயத்தில் முன்னால் குனிந்து நின்றார். லேன்யார்டும் சாம்பல் நிறம், மூட்டமும் சாம்பல் நிறம். அவரைப் பிடித்திருந்தது எதுவும் என் கண்ணுக்குத் தெரியவில்லை. அவர் மெதுவாகச் சுழன்றார். முகம் என் பக்கம் திரும்பியது. நனைந்த சாம்பல் மாதிரி முகம், அதில் முத்து முத்தாக வியர்வை. கண் திறந்திருந்தது, ஆனால் என்னைப் பார்க்கவில்லை. தன் காலுக்குக் கொஞ்சம் கீழே பார்த்தபடி உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார்.

அவருடைய இடது தொடைப் பட்டி கழன்று தொங்கியது. வலது தொடையின் பக்கிளில் அவருடைய இரண்டு கையும் இருந்தன.

"நானா, கைய எடுங்க."

"இதக் களட்டினா கால் லேசாகும் எண்டு சொல்றாரு."

அதையும் கழற்றியிருந்தால் ஹார்னஸ் தோள்வழியாக மேலே போயிருக்கும், ஆள் கீழே போயிருப்பார். நான் இரண்டு கொக்கியையும் மாட்டிவிட்டு, லேன்யார்ட் இழுக்கும் மட்டும் வெளியே சாய்ந்தேன். ஒரு முழம் குறைந்தது. அவர் மறுபடி சுழன்று வரும்வரை காத்திருந்து மழைக்கோட்டின் விளிம்பைப் பிடித்தேன். அதைப் பிடித்துக் கையை, கையைப் பிடித்துத் தோள் பட்டியை. இழுத்துவந்து கைக்கயிற்றால் கோபுரத்தோடு கட்டினேன். அவருடைய பாதங்களைத் தூக்கிக் குறுக்குக் கம்பியில் வைத்தேன். இரண்டும் மரக்கட்டை மாதிரி இருந்தன. தொடைப் பட்டியைத் திரும்பப் பூட்டினேன். அதற்குள் தலை சாய்ந்துவிட்டது.

பியசேனவுக்கு எங்களைப் பார்க்க வழியில்லை. டிஷ் தூக்கக் கட்டியிருந்த வின்ச் கயிற்றை என் பக்கம் விடச் சொல்லி, அதன் கொக்கியை நிசார் நானாவின் நெஞ்சு ரிங்கில் மாட்டினேன். பியசேன கொஞ்சம் தூக்கியதும் லேன்யார்ட் தளர்ந்தது. அதையும் கைக்கயிற்றையும் கழற்றினேன். பிறகு நான் செட்டில் சொல்லச் சொல்ல, கண்ணை மூடிக்கொண்டு செய்வதுபோல பியசேன கயிறு விட்டார். நான் பக்கத்திலேயே, ஒரு கையால் அந்த மழைக்கோட்டைப் பிடித்தபடி இறங்கினேன்.

4. கீழே

கீழே கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் ஓடி வந்திருந்தார்கள். ராஜேஸ்வரி என்று ஒரு அக்கா தன் கம்பளியைக் கழற்றி நிசார் நானாவுக்குப் போர்த்தினார். மூச்சு இருந்தது. தோட்டத்து வேன் வரும்வரை நாங்கள் அவரைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம்.  ராஜேஸ்வரி அக்கா என்னைச் சமாதானப்படுத்த நினைத்தோ என்னவோ, தாழ்ந்த குரலில் சொன்னார்.

"நல்ல வேளங்க அண்ணே, நீங்க விடாம அவருக்குப் பேச்சு குடுத்துக்கிட்டே இருந்தீங்க. மலை முழுக்க ஒங்க சத்தந்தான்."

மேலே நான் அவரோடு பேசியது மொத்தம் நாலைந்து வரி. போல்ட் இறுக்கிய நேரமெல்லாம் வாயைத் திறக்கவேயில்லை. வேறு யாராவது பேசியிருப்பார்கள் என்றேன்.  அவர் கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பேராதனை ஆஸ்பத்திரியில் டொக்டர் எனக்கு விளங்கும்படி சொன்னார். விழுந்ததில் அவருக்கு ஒரு அடியும் இல்லை. தொங்கியதுதான் காரணம். தொடைப் பட்டி அழுத்த, கால் அசையாமல் தொங்க, ரத்தம் காலிலேயே தங்கிவிடும். தலைக்குப் போவது குறையும். குமட்டும், வியர்க்கும், இல்லாதது தெரியும், இல்லாதது கேட்கும், பிறகு மயக்கம். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் ஆளைக் காப்பாற்றியிருக்க முடியாது என்றார். எவ்வளவு நேரம் தொங்கினார் என்று கேட்டார். இருபது நிமிடம் இருக்கும் என்றேன். இரண்டு போல்ட்டைப் பற்றிச் சொல்லவில்லை.

அதை மூன்றாம் நாள் வார்ட்டில் நிசார் நானாவிடமே சொன்னேன். அவர் எழுந்து உட்கார்ந்து பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். முடிக்கச் சொன்னது நான்தானே, அதை மனதில் வைக்காதீர்கள் என்றார். அதற்குப் பிறகு எனக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை. கால்மாட்டில் நின்றவர் யார் என்று கேட்டேன்.

அவர் பிஸ்கட்டைக் கீழே வைத்தார். "மூஞ்சி வெளங்கல்ல. கொரல் மட்டும் நல்லாத் தெரியும்."

"யார்ட கொரல்?"

"ஒங்கட கொரல்தான் தம்பி. நீங்கதான் சொல்றீங்க எண்டு நெனச்சுத்தான் நான் பக்கிளக் களட்டினேன்."

டொக்டர் சொன்னது நிசார் நானா கேட்ட குரலுக்குப் பொருந்தும். ஆனால் அதே குரலைக் கேட்ட ராஜேஸ்வரி அக்காவின் தலைக்கு ரத்தம் குறையவில்லை. மூட்டத்தில் சத்தம் எங்கே பட்டு எங்கே வரும் என்று யாராலும் சொல்ல முடியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.  நிசார் நானா அதன் பிறகு கோபுரம் ஏறவில்லை. கலகெதரவில் மச்சானுடைய ஹார்ட்வெயார் கடையில் சேர்ந்தார்.

5. இளையவர்களுக்கு

ஹார்னஸ் உங்களைக் காப்பாற்றாது. காப்பாற்ற வருகிறவருக்கு உங்களைக் கொஞ்ச நேரம் பிடித்து வைத்துக் கொடுக்கும், அவ்வளவுதான். அந்தக் கொஞ்ச நேரம் மிகவும் குறைவு. ஆகவே ஏறுவதற்கு முன்பே இறக்கும் கயிறு மேலே தயாராக இருக்க வேண்டும். யார் போய் இறக்குவது என்று பெயர் சொல்லித் தீர்மானித்திருக்க வேண்டும். இடுப்பில் ஒரு நாடா வைத்திருங்கள். தொங்கினால் அதை வளையமாக்கிக் காலை ஊன்றி நிற்கலாம். அதுவும் இல்லையென்றால் முழங்காலை மடக்கி நீட்டிக்கொண்டே இருங்கள். கால் கனத்தாலும் மரத்தாலும், யார் சொன்னாலும், பக்கிளில் கை வைக்காதீர்கள். கூட இருப்பவர், தொங்குகிறவர் சொல்வதை நம்ப வேண்டாம். கையிலிருப்பதைப் போட்டுவிட்டுப் போக வேண்டும்.

இந்தச் சாமான்களை வாங்க சேரை ஒத்துக்கொள்ளவைக்க எனக்கு இரண்டு வாரம் ஆனது. அதன் பிறகுதான் மீதி வேலைக்கு அதே கோபுரத்தில் ஏறினேன். கூட வந்தவர் குமார், எங்களைப் போலக் கோபுரம் ஏறும் ரிகர். முதல் வேலையாக இறக்கும் கயிற்றைக் கட்டினோம். டிஷ் பாதி பூட்டியிருந்தபோது பள்ளத்தில் மூட்டம் அசையத் தொடங்கியது. கடைசி லயத்துக் கூரை இன்னும் தெரிந்தது. டிஷ்ஷைக் கட்டி வைத்துவிட்டு நான் குமாரை முன்னால் இறங்கச் சொன்னேன்.

சேர் கீழேதான் நின்றார். இன்னும் அரை மணி நேரத்தில் முடிந்திருக்குமே என்று அவருக்குக் கோபம். நாங்கள் இரண்டு பேரும் ஹார்னஸைக் கழற்றுவதைப் பார்த்துக்கொண்டு நின்றவர், என் முகத்தைப் பார்த்துக் கொஞ்சம் குரலைத் தாழ்த்தினார்.

"மேல என்ன நடந்துச்சு?"

"ஒண்ணும் நடக்கல சேர்," என்றேன். "நடக்கிறதுக்கு முந்தியே எறங்கிட்டோம்."