பின்பக்கம் வளைந்த ஃபோர்க்

அந்தச் சைக்கிள் கடைக்காரரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மன்னிக்கும் எண்ணமும் இல்லை.

எனக்குக் கோம்பையில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. ரத்தம் எடுப்பேன். வெறும் வயிற்றோடு வருகிறவர்கள் விடியும்போதே வந்து உட்கார்ந்துவிடுவார்கள். பண்ணைப்புரத்திலிருந்து அந்நேரத்துக்குப் பஸ்ஸை நம்ப முடியாது. அதனால் சைக்கிள். பள்ளிக்கூடக் காலத்திலிருந்து ஓட்டுகிறேன். பழைய வண்டி துருப்பிடித்துப் போனதால் உத்தமபாளையத்தில் ஒரு கடையில் புதிதாக ஒன்று வாங்கினேன். முன்னால் கூடை வைத்தது.

முதல் நாளே அது சரியில்லை. வளைவில் திருப்பினால் ஹேண்டில் கையை மீறி உள்பக்கமாக விழுந்தது. மெதுவாகத் திருப்பும்போது செருப்பு முனை முன்சக்கரத்தில் இடித்தது. ஒவ்வொரு பள்ளமும் உள்ளங்கையில் வந்து குத்தியது. வீட்டுக்கு வந்தால் மணிக்கட்டும் பிடரியும் வலிக்கும். கடைக்குப் போய்ச் சொன்னேன். அவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

"புது மாடல் தங்கச்சி. ஓட்ட ஓட்டப் பழகிரும்."

பழகவில்லை. சித்திரையில் ஒரு நாள் காலை, கோம்பைக்குள் நுழையும் வளைவில் வாழைத்தார் ஏற்றிய வண்டி எதிரே வந்தது. வேகத்தைக் குறைத்து ஒதுங்கித் திருப்பினேன். செருப்பு சக்கரத்தில் சிக்கியது. வலது கையை ஊன்றி விழுந்தேன். மணிக்கட்டு எலும்பில் விரிசல். ஊசி பிடிக்கிற கை அது.

என் வீட்டுக்காரர் வண்டியைக் கடைக்குக் கொண்டுபோய்க் காட்டினார். கடைக்காரர் கோணிக்கிடந்த ஹேண்டிலை நிமிர்த்திவிட்டு, நாலு பேர் முன்னால், "வண்டியில ஒண்ணுமில்ல மாப்ள. உங்க வீட்ல அவுகளுக்கு ஓட்டத் தெரியல" என்றாராம். இவரும் கேட்டுக்கொண்டு வந்துவிட்டார்.

"இனிமே சைக்கிள் வேணாம். பஸ் வர்ற நேரத்துக்குப் போ. இல்லாட்டி வேலைய விடு."

"விடிஞ்சு வெயிலேறிப் போயி யாருக்கு ரத்தம் எடுக்க? இட்லி தின்னுட்டு வந்தவுகளுக்கா?"

அவர் எழுந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். சைக்கிள் மாட்டுக் கொட்டகையில் போய் நின்றது. கை சரியானதும் வராவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவோம் என்று வேலையிடத்திலிருந்து சொல்லி அனுப்பினார்கள்.

கையில் கட்டோடு சும்மா இருந்த நாட்களில், பக்கத்து வீட்டுப் பெண் அதே மாடல் சைக்கிளில் வந்து அதை என்னுடையதற்குப் பக்கத்தில் நிறுத்தினாள். பார்த்துக்கொண்டே இருந்தேன். ஏதோ உறுத்தியது. முன்சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடித்திருக்கும் கவைக்கு, கடைகளில் ஃபோர்க் என்பார்கள், அடியில் ஒரு வளைவு உண்டு. அவளுடையதில் அது முன்னோக்கி வளைந்திருந்தது. என்னுடையதில் பின்னோக்கி. அட்டைப்பெட்டியில் வருகிற வண்டியைக் கடையில் பூட்டும்போது திருப்பி மாட்டியிருக்கிறார்கள்.

அந்த வளைவு அழகுக்கு வைத்ததில்லை. ஹேண்டில் தண்டின் சாய்வை அப்படியே தரைவரை நீட்டினால், சக்கரம் தரையைத் தொடும் இடம் அதற்குச் சற்றுப் பின்னால் இருக்கும். அந்தச் சற்றுத் தூரம்தான் சக்கரத்தை இழுத்து நேராக வைக்கிறது. அதை அளவோடு வைப்பது முன்வளைவு. பின்னால் திருப்பினால் தூரம் கூடிப்போய், மெதுவாகத் திரும்பும்போது ஹேண்டில் கனத்துச் சாயும். சக்கரமும் மிதிக்கட்டைப் பக்கம் வந்துவிடும், கால் இடிக்கும். உடம்பின் பாரம் முன்சக்கரத்தின் மேலே இறங்குவதால் பள்ளமெல்லாம் கைக்கு வரும். எனக்கு ஓட்டத் தெரிந்ததால்தான் அதை அத்தனை நாள் விழாமல் ஓட்டியிருக்கிறேன்.

உடனே கடைக்குப் போயிருக்கலாம். போகவில்லை. கட்டு பிரித்த பிறகும், பள்ளிக்கூடம் திறப்பதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமைவரை காத்திருந்தேன். அன்றைக்குத்தான் அங்கே கூட்டம் நிற்கும். வண்டியைக் குட்டியானை லோடு வண்டியில் ஏற்றி, வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு போனேன்.

"அண்ணே, எனக்கு ஓட்டத் தெரியலைன்னு சொன்னீகளாம். எப்படி ஓட்டணும்னு ஒரு ரவுண்டு காட்டுங்க."

கூட்டம் திரும்பிப் பார்த்தது. "என்ன தங்கச்சி, சின்னப்பிள்ளையாட்டம்" என்று சிரித்துக்கொண்டே ஏறினார். நேராகப் போனார்.

"அங்கன இல்லண்ணே, இங்கன திரும்புங்க" என்று, நின்றிருந்த ஆட்டோவுக்கும் கடைக்கும் நடுவிலிருந்த குறுகலான இடத்தைக் காட்டினேன்.

திரும்பினார். செருப்பு சிக்கியது. வெளியே வரிசையாக நிறுத்தியிருந்த புதுச் சைக்கிள்கள் மேல் போய்ச் சாய்ந்தார். ஒன்று விழ, அடுத்ததும் அதற்கடுத்ததுமாக வரிசை முழுக்கச் சரிந்தது.

"ஏலே, மொதலாளிக்கு ரெண்டு பக்கமும் குட்டிச் சக்கரம் மாட்டிக் குடுங்கடா!" என்று ஆட்டோக்காரர் கத்தினார்.

நான் கை கொடுக்கவில்லை. கீழே கிடந்த வண்டிகளின் ஃபோர்க்கையும் என் வண்டியின் ஃபோர்க்கையும் எல்லாருக்கும் காட்டினேன். கடைக்காரர் முகம் கறுத்துவிட்டது.

"கடைப் பய மாட்டுனது தங்கச்சி. நான் கவனிக்கல."

"பய மாட்டுனான். எனக்கு ஓட்டத் தெரியலைன்னு சொன்னது அவனா?"

அவரே ஸ்பேனரை எடுத்துச் சரிசெய்தார். ஒரு டீ குடிக்கிற நேரம்தான் ஆனது. அதைப் பார்த்ததும் எனக்குக் கோபம் இன்னும் கூடியது. இந்தச் சின்ன வேலைக்கா குனிய மாட்டேன் என்றார்?

"பாவம், யாவார நேரத்துல மானத்த வாங்கிட்ட" என்றார் என் வீட்டுக்காரர்.

"என் மானத்த அங்கன விட்டுட்டு வந்தது நீங்கதான். பேசாம வாங்க."

மறுநாளே வேலைக்குச் சைக்கிளில் போனேன். காற்று பக்கவாட்டில் அடித்தும் வண்டி அசையாமல் போனது. வேலை கையை விட்டுப் போகவில்லை. ஆனால் மணிக்கட்டு பழையபடி வளைவதில்லை. குழந்தைகளுக்கு நரம்பு மெல்லியது, கை தயங்கக் கூடாது. அவர்களை இப்போது வேறொரு பெண்ணிடம் அனுப்புகிறார்கள். குழந்தை அழாமல் ரத்தம் எடுப்பேன் என்று எனக்குப் பேர் இருந்தது.

அதனால் உத்தமபாளையம் போகும்போதெல்லாம் அந்தக் கடை வாசலில் நிற்கிறேன். போன வாரம் ஒருவர் தன் மகளுக்குப் பெரிய சைக்கிள் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பிள்ளை ஏறி உட்கார்ந்து ஹேண்டிலை எட்டிப் பிடிப்பதற்குள் முதுகு முழுக்க நீண்டுவிட்டது.

"வளர்ற பிள்ளைதான" என்றார் அவர்.

"வாங்காதீகண்ணே. ஃப்ரேம் நீளம். சீட்ட இறக்குனாலும் நீளம் குறையாது. வளர்றதுக்குள்ள பிள்ளைக்கு முதுகு போயிரும். வேற கடையில சின்ன ஃப்ரேம் பாருங்க" என்றேன்.

அவர் மகளை இறக்கிக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். கடைக்காரர் உள்ளேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவர் காதில் விழட்டும் என்றுதான் சத்தமாகச் சொன்னேன்.