ஓடைப்பட்டியில் பெண்கள் நேரம்

என் கணவர் அல்லிநகரத்தில் தொடங்கிய ஜிம், போடி, கம்பம் என்று வளர்ந்து எழுபதுகளின் கடைசியில் ஓடைப்பட்டிக்கும் வந்தது. திறப்பு நாளன்று திராட்சைத் தோட்டத்தில் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி வாசலில் நின்று கேட்டாள்: "கையத் தூக்கியே திராட்சக் குலை வெட்டி கழுத்து வலிக்குதுண்ணே. இங்கன ஆம்பளைகளுக்கு மட்டுந்தானா?"

கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "சாயங்காலம் ஒரு மணி நேரம் உங்களுக்குத்தான் ஆத்தா. என் வீட்டுக்காரி சொல்லித்தருவா" என்றார்.

எனக்குப் பகீரென்றது. நான் ஒரு தண்டால்கூட எடுத்ததில்லை. ஒரு வாரம் பொறுமையாக எனக்குக் கற்றுக்கொடுத்தார். முதல் நாள் மூன்று பெண்கள் வந்தார்கள். இரண்டு வருடத்தில் நான்கு ஊர்களிலும் பெண்கள் நேரம் வந்துவிட்டது. முன்கூட்டியே என்னிடம் கேட்டிருந்தால், வேண்டாம் என்றுதான் தடுத்திருப்பேன்.