கிழக்குத் தூணில் சாய்ந்தவள்

ரகேராவுக்கு நாற்பத்தாறு வயது. பசிபிக் தீவான தராவாவில் விமானத்தை விட்டு இறங்குகிற வெளிநாட்டுக்காரர்களுக்குத் தன் நாட்டைப் புரியவைப்பது அவள் தொழில். அவர்கள் நாட்டின் பெயரை ‘கிரிபாட்டி’ என்பார்கள். ‘கிரிபஸ்’ என்று திருத்துவாள். காலையில் பேஸியோ கடற்கரையில் துருப்பிடித்துக் கிடக்கும் ஜப்பானியப் பீரங்கிகளைக் காட்டி யுத்தத்தை முடித்துவிட்டு, மறுநாள் படகில் அபையாங் தீவுக்கு அழைத்துப்போய்ப் பண்பாட்டைக் காட்டுவாள். யுத்தத்துக்கு ஒன்றரை மணி நேரம், பண்பாட்டுக்கு ஒரு நாள் முழுவதும். சாப்பாடும் அதில் அடக்கம்.

நன்றாகப் பேசுவாள். நம் தீவு ஆட்களே ஓரமாக நின்று கேட்டுவிட்டு, “அடேயப்பா, நம்மகிட்ட இவ்வளவு இருக்கா!” என்று வியந்துபோவதுண்டு. ஃபிஜியில், சூவாவில் மூன்று வருஷம் படித்தவள். தேதிகளில் பிசகமாட்டாள். முதல் பாதிரியார் எந்த வருஷம் கரையிறங்கினார், பிரிட்டிஷ் கொடி எந்த வருஷம் ஏறியது, எந்த வருஷம் இறங்கியது, எல்லாம் விரல் நுனியில்.

கிராமத்து மனேயபாவில்தான் அவளுடைய பேச்சு உச்சத்துக்குப் போகும். ஊர் கூடுகிற அந்தப் பெரிய கூடத்துக்குச் சுவர் கிடையாது. பவளக்கல் தூண்களும் கூரையும்தான். கூரை விளிம்பு இடுப்புயரத்துக்கு இறங்கியிருக்கும். எப்பேர்ப்பட்ட ஆளும் குனிந்துதான் நுழைய வேண்டும். உள்ளே ஒவ்வொரு குடும்பத்துக்கும் தலைமுறை தலைமுறையாக ஓர் இடம் உண்டு. “எங்கள் ஆட்களிடம் வம்சம் என்ன என்று கேட்க வேண்டாம், எங்கே உட்காருவாய் என்று கேளுங்கள், அவன் தாத்தாவுக்குத் தாத்தாவரை தெரிந்துவிடும்” என்பாள் ரகேரா. பயணிகள் அதை எழுதிக்கொள்வார்கள்.

அவளுடைய இடம் எது என்று அவளுக்குத் தெரியாது.

அப்பா தெபாவ் அபையாங்காரர், இதே கிராமம். ஜெர்மன் சரக்குக் கப்பல்களில் வேலை. வருஷத்தில் ஒரு மாதம் பேஸியோவில் இருந்த வீட்டுக்கு வருவார். அந்த மாதத்தில் பாதி தூங்குவார், மீதி மீன் பிடிப்பார். “அடுத்த தடவை ஊருக்குக் கூட்டிட்டுப் போறேன், நம்ம இடத்துல உக்கார வைக்கிறேன்” என்பார். ரகேராவுக்குப் பதிமூன்று வயதானபோது ஹாம்பர்க் ஆஸ்பத்திரி ஒன்றில் நிமோனியாவில் போய்ச் சேர்ந்தார். அம்மா தெற்குத் தீவுக்காரி. அபையாங்கில் கால் வைத்ததே இல்லை.

யாரிடமாவது கேட்டிருக்கலாமே என்று தோன்றும். நம் ஊரில் அதை யாரும் கேட்பதில்லை. கேட்டால், என் அப்பா யார் என்று கேட்ட மாதிரி. பதினெட்டு வயதில் கேட்டிருந்தால் பாவம் என்றிருப்பார்கள். முப்பதில் கேட்டிருந்தால் சிரித்திருப்பார்கள். முப்பத்தைந்திலோ, அவள் அதைப் பற்றி வெளிநாட்டுக்காரர்களுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள்.

அந்த முப்பத்தைந்தாவது வயதில்தான், அபையாங்குக்கு அவள் அழைத்துப்போன முதல் கூட்டத்தில் ஒருவர் கேட்டுவிட்டார். வாய் நிறையப் புன்னகையோடு கேட்டார்.

“அப்படியானால் உங்கள் இடம் எது?”

ரகேரா ஒரு நொடி சுற்றிப் பார்த்தாள். கிழக்குப் பக்கம் நடுத்தூணருகே நல்ல காற்று வந்தது. வெளிச்சமும் அங்கே அழகாக விழுந்தது. போய் உட்கார்ந்து தூணில் சாய்ந்தாள். “இதுதான்” என்றாள். எல்லாரும் படம் எடுத்தார்கள்.

அன்று அங்கே பாய் முடைந்துகொண்டிருந்த இரண்டு மூன்று பேர் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்கள். அதை அவள் வரவேற்பு என்று எடுத்துக்கொண்டாள். ஒருவேளை சரியாகத்தான் ஊகித்துவிட்டோமோ என்றுகூட இரண்டொரு நாள் நினைத்தாள். அப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது. பதினோரு வருஷம். எத்தனை நாடுகளின் ஆல்பங்களில் அவள் அந்தத் தூணில் சாய்ந்து சிரிக்கிறாள் என்று யாருக்கும் தெரியாது.

இந்த வருஷம் மனேயபாவுக்குப் புதுக்கூரை வேய்ந்தார்கள். விருந்துக்குப் பயணிகளையும் கூட்டிவரலாம் என்று ஊர்ப் பெரியவர் பவுரோ சொல்லியனுப்பினார். ரகேராவுக்குத் தலைகால் புரியவில்லை. ஒன்பது பேரோடு வந்து இறங்கினாள். அவர்களில் ஓர் ஆஸ்திரேலிய டீச்சர் படகிலேயே அரை நோட்டுப் புத்தகத்தை எழுதித் தீர்த்திருந்தாள்.

தெற்கு ஓரத்தில் விருந்தாளிகளுக்கென்று பாய் விரித்திருந்தது. ஒன்பது பேரையும் அங்கே உட்காரவைத்துவிட்டு, ரகேரா நேரே கிழக்குத் தூணுக்குப் போய்ச் சாய்ந்தாள். பவுரோவின் ஆட்கள் வழக்கம்போல நகர்ந்து கொடுத்தார்கள். கூடத்தில் அறுபது எழுபது பேர், தலையில் பூமாலை. நடுவில் வாழையிலை மூடிய சேம்புக் களியும், சுட்ட மீனும், ஒரு முழுப் பன்றியும்.

யாரும் பேசவில்லை.

ரகேரா காத்திருந்தாள். பேச்சு எப்போதும் ஏதோ ஒரு மூலையிலிருந்து தொடங்கும். எந்த மூலை என்று அவள் கவனித்ததில்லை. பவுரோ தன் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தார். கைக்குழந்தை ஒன்று சிணுங்கியது, அதன் வாயில் தேங்காய்த் துண்டைத் திணித்தார்கள். ஈக்கள் மட்டும் சம்பிரதாயம் பார்க்காமல் பன்றியின் மேல் உட்கார்ந்தன.

டீச்சர் மெல்ல அவள் பக்கம் ஊர்ந்து வந்தாள். “எவ்வளவு அமைதி! இதற்கு என்ன அர்த்தம்?”

“உணவுக்கு முன் மௌனமாக இருப்பது எங்கள் மரபு” என்றாள் ரகேரா. “முன்னோர்களை நினைக்கிறோம்.” டீச்சர் எழுதிக்கொண்டே திரும்பிப் போனாள்.

இன்னும் பத்து நிமிஷம் முன்னோர்களை நினைத்திருப்பார்கள். மேற்குப் பக்கத்திலிருந்து ஒரு குரல் வெடித்தது. பயணிகளுக்குப் பதினோரு வருஷமாக மதியச் சாப்பாடு சமைத்துப்போடுகிற மீரே.

“பவுரோ அண்ணே! மீனு ரெண்டாவது தடவை சாவுறதுக்குள்ள சொல்லிடுங்க. சொன்னா ஒரு நாள் வெக்கம், சொல்லலைன்னா எல்லாருக்கும் பட்டினி!”

யாரோ சிரிப்பை விழுங்கினார்கள். பவுரோ தொண்டையைச் செருமினார். ரகேராவின் பக்கம் திரும்பினார். முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

“மகளே, நீ கொஞ்சம் எழுந்திருக்கணும்.”

“ஏன் பெரியப்பா?”

“புதுக்கூரைக்கு முதல் வார்த்தை இந்த இடத்துக்காரங்கதான் சொல்லணும். எங்க ஆளுங்களோட வேத்து ஆளு உக்காந்திருந்தா அதைச் சொல்ல முடியாது. சொன்னா கூரைக்கு ஆகாது. மத்த நாள்னா பரவாயில்ல.”

‘வேத்து ஆளு’ என்பதை அவர் மிகவும் மெதுவாகத்தான் சொன்னார். சுவரில்லாத கூடம் என்றாலும் எல்லார் காதிலும் விழுந்தது.

“பதினோரு வருஷமா உக்காந்திருக்கேன்” என்றாள் ரகேரா. “ஒருத்தரும் ஒண்ணும் சொல்லலையே?”

“எப்படிம்மா சொல்றது? முத நாளு நீ வெளிநாட்டுக்காரங்க முன்னாடி பேசிக்கிட்டிருந்த. நடுவுல புகுந்து இது உன் இடம் இல்லைன்னா உனக்கு எவ்வளவு வெக்கமாப் போயிருக்கும்? சரி, அடுத்த தடவை சொல்லலாம்னு இருந்தோம். அடுத்த தடவையும் அவங்க இருந்தாங்க.”

“எங்க மாமனாரு பாவம்” என்று பின்னாலிருந்து பவுரோவின் மனைவி சேர்த்துக்கொண்டாள். “அது அவரு சாயுற தூணு. நீ வர்ற நாளெல்லாம் முதுகுக்கு ஒண்ணுமில்லாம உக்காந்தே இருப்பாரு. போன வருஷம் போயிட்டாரு. முதுகு வலியால இல்ல, நீ பயந்துக்காத.”

இந்தத் தடவை சிரிப்பை யாரும் விழுங்கவில்லை. கெட்ட சிரிப்பு இல்லை. அதுதான் தாங்கமுடியாததாக இருந்தது. பதினோரு வருஷமாக அவள் கிளம்பிப் போன பிறகு ஒவ்வொரு தடவையும் இந்தச் சிரிப்பு இந்தக் கூரையின் கீழ் சுற்றியிருக்கும் என்று அவளுக்கு உறைத்தது. அவள் படிப்பு, தேதிகள், தாத்தாவுக்குத் தாத்தா, எல்லாவற்றையும் இவர்கள் ஒரு குழந்தை தப்பாகப் பாடும் பாட்டைக் கேட்பதுபோலக் கேட்டிருக்கிறார்கள். கைதட்டவும் செய்திருக்கிறார்கள்.

“அப்ப என் இடம்...” என்று ஆரம்பித்து நிறுத்தினாள். இந்தக் கேள்வியைக் கேட்கக் கூடாது என்பதற்காகத்தான் இத்தனை வருஷமும்.

“உன் இடம் இங்க இருக்குடி!” மேற்கிலிருந்து மீரே பாயைத் தட்டினாள். “உங்கப்பன் தெபாவும் எங்கப்பனும் ஒரே தாத்தாவோட பேரனுங்க. முத நாளே உன் மூக்கைப் பார்த்துச் சொன்னேன், இது நம்ம மூக்குன்னு. நீயா வந்து உக்காருவேன்னு பார்த்தேன். நீ என்னடான்னா காத்து வர்ற பக்கமாப் பார்த்துப் போயிட்ட.”

மேற்கே எட்டுப் பத்துப் பேர் இரண்டு பக்கமும் நகர்ந்தார்கள். நடுவில் ஓர் ஆள் உட்காருகிற அளவுக்குப் பாய் காலியானது. நரைத்த பெண்ணொருத்தி அதன் மேலிருந்த மணலைக் கையால் தட்டிவிட்டாள்.

ரகேரா எழுந்தாள். “மன்னிச்சிடுங்க, பெரிய...” என்று தொடங்கியவளுக்கு முடிக்கத் தெரியவில்லை. பெரியப்பா என்ற சொல் இனி அவளுடையதல்ல. “பெரியவரே” என்று முடித்தாள். பவுரோ கையை அசைத்தார், போ போ என்பதுபோல.

உட்கார்ந்திருப்பவர்கள் முன்னால் நிமிர்ந்து நடக்கக் கூடாது. குனிந்து, ஒரு கையைத் தாழ்த்தி, கூடத்தின் குறுக்கே நடந்தாள். இருபது தப்படி இருக்கும். பாதி வழியில் தெற்கிலிருந்து டீச்சரின் குரல் கேட்டது.

“ரகேரா, அவர் என்ன சொன்னார்? ஏன் இடம் மாறுகிறீர்கள்?”

ஒன்பது முகங்களும் அவளையே பார்த்தன. மேற்கே போய் உட்கார்ந்தால் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். இது என் இடம் என்றால், அந்தத் தூண் யாருடையது என்பார்கள். நோட்டுப் புத்தகம் திறந்தே இருந்தது.

அவள் கால்கள் தெற்கே திரும்பின.

“ஒன்றுமில்லை” என்று பயணிகளின் பாயில் உட்கார்ந்தாள். “உங்களோடு இருந்து விளக்கச் சொல்கிறார். இது விருந்தாளிகளின் இடம். பெரிய கௌரவம்.”

மேற்கே காலியாக விட்ட இடம் சிறிது நேரம் அப்படியே இருந்தது. பிறகு ஒரு கிழவர் அதில் காலை நீட்டிக்கொண்டார்.

பவுரோ முதல் வார்த்தையைச் சொன்னார். அழகாகத்தான் சொல்லியிருப்பார், ரகேரா மொழிபெயர்க்கவில்லை, காதில் விழுந்தால்தானே. அதன் பிறகு மற்ற இடங்கள் ஒவ்வொன்றாகப் பேசின, பன்றி பங்கு பிரிந்தது. விருந்தாளிகள் சாப்பிட்ட பிறகே ஊர் சாப்பிடும். முதல் தட்டுகள் தெற்குப் பாய்க்கு வந்தன. பத்துத் தட்டுகள். யாரோ சரியாக எண்ணியிருந்தார்கள்.

பத்தாவதைக் கொண்டுவந்தவள் மீரே. ரகேராவின் முன்னால் வைத்தாள். எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்து, ஓலை விசிறியால் தட்டின் மேல் ஈ ஓட்டத் தொடங்கினாள். விருந்தாளிக்கு அப்படித்தான் செய்வார்கள். சொந்தக்காரிக்கு யாரும் செய்வதில்லை. மீரேயின் முகத்தில் கோபம் இல்லை. காலையிலிருந்து அடுப்படியில் நின்ற களைப்புதான்.

“அக்கா” என்றாள் ரகேரா, தாழ்ந்த குரலில். “விசிறியை என்கிட்ட குடு. நான் விசிறுறேன். நீ போய்ச் சாப்பிடு.”

“விருந்தாளி விசிறக் கூடாது” என்றாள் மீரே. “வெளிநாட்டுக்காரங்க பார்க்கிறாங்க, சாப்பிடு.”

ரகேரா மீனைப் பிய்த்து வாயில் வைத்தாள். அறுபது பேர் பசியோடு காத்திருந்தார்கள்.