ஒரு இடம் பாக்கியில்லாமல்

இன்று காலை நாகலூரில் காபி மூட்டை ஏற்றி நின்ற எங்கள் பழைய லாரி ஸ்டார்ட் ஆகவில்லை. மழையோ இறங்கப் பார்க்கிறது. சாவியைத் திருப்பினால் 'டக்' என்ற சத்தம் மட்டும்தான்.

"பேட்டரி போச்சு அம்மிணி, புதுசு வாங்கோணும்" என்றார் வீட்டுக்காரர்.

பேட்டரியின் நெகட்டிவிலிருந்து இன்ஜினுக்கு நேராக ஒரு தடித்த வயரைப் பிடித்துக்கொண்டு, சாவியைத் திருப்பச் சொன்னேன். உடனே ஸ்டார்ட் ஆனது.

அப்படியானால் கோளாறு பேட்டரியைச் சேஸிஸோடு, அதாவது லாரியின் இரும்புச் சட்டத்தோடு, இணைக்கும் எர்த் வயரில்தான். அதைச் சேஸிஸில் முடுக்கியிருந்த போல்ட்டைக் கழற்றினேன். அடியில் பளபளவென்று நீலப் பெயின்ட்; அதைத் தாண்டி கரன்ட் எப்படிப் பாயும்?

"ஏனுங்க, இங்கயுமா அடிச்சீங்க?"

"ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல எஃப்.சி. சோதனை வருதேன்னு நேத்து வயரெல்லாம் கழட்டி, ஒரு இடம் பாக்கியில்லாம அடிச்சேன்."

சுரண்டிவிட்டு மாட்டினேன். மூட்டை நனையாமல் சேலம் போய்ச் சேர்ந்தது.

அரை டப்பா நீலப் பெயின்ட் மிச்சம் இருக்கிறது. வேண்டியவர்கள் கமெண்டில் சொல்லுங்கள். லாரி இல்லாதவர்களுக்கு முன்னுரிமை.