படித்துறைச் சத்திரத்தில் மூன்று நாள்

சாலமோன் வாத்தியாரைப் போல ஒரு பிடிவாதக்காரர் உலகத்திலேயே கிடையாது என்று நான் நினைத்திருந்தேன், அவருடைய தகப்பனாரைப் பற்றிக் கேள்விப்படும் வரை.

பாளையங்கோட்டையில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் அவர் கணக்கு வாத்தியார், நான் தமிழ் வாத்தியார். இரண்டு வகுப்புக்கும் நடுவே ஒரு மூங்கில் தட்டிதான். அவர் போடும் அதட்டலில் என் பிள்ளைகள் செய்யுளை மறந்துவிடுவார்கள். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக வேதக்காரர்கள். கிறிஸ்தவனாக இருப்பதில் எனக்கு ஒரு சிரமமும் வந்ததில்லை, ஞாயிற்றுக்கிழமை சீக்கிரம் எழுந்திருப்பதைத் தவிர. அவருக்கோ அதனால் பெற்ற தாயே இல்லாமல் போனாள்.

அவருடைய பழைய பெயர் சுப்பராமன். பாபநாசத்தில், மலை தொடங்குகிற இடத்தில், ஆற்றங்கரையை ஒட்டி அவர் குடும்பத்தார் ஐந்து தலைமுறையாக ஒரு சத்திரம் நடத்தினார்கள். படித்துறைச் சத்திரம் என்றால் அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். ஆற்றில் முழுக வருகிறவர்கள், மலைக்குப் போகிறவர்கள் யாரானாலும் மூன்று நாள் தங்கலாம், சாப்பிடலாம். பிராமணர்களுக்கு உள்ளே பந்தி, மற்றவர்களுக்கு வெளிக்கொட்டகையில் இலை. வந்தவனைப் போ என்று ஒரு நாளும் சொன்னதில்லை என்பது அந்தக் குடும்பத்தின் பெருமை. சாலமோன் சொல்லிச் சொல்லி எனக்குக் காது புளித்துப்போன பெருமை அது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இரண்டில், பத்தொன்பதாவது வயதில், அவர் ஞானஸ்நானம் பெற்றார். தகப்பனார் கல்யாணராமய்யர் இரண்டு தடவை பாளையங்கோட்டைக்கு வந்து அழுதார். மூன்றாவது தடவை வரவில்லை. மகனுக்குக் கடஸ்ராத்தம் செய்துவிட்டார். ஒரு குடத்தில் தண்ணீரை நிரப்பிக் கவிழ்த்து, உயிரோடு இருப்பவனுக்குச் செய்கிற கருமாதி அது. அதோடு அவன் செத்தவன். அவன் பெயரை அந்த வீட்டில் யாரும் சொல்லக்கூடாது.

மூன்று வருஷம் சாலமோன் பொறுத்துப் பார்த்தார். பிறகு ஒரு கோடை விடுமுறையில் ரயிலேறி அம்பாசமுத்திரத்தில் இறங்கி, மாட்டுவண்டி பிடித்துச் சத்திரத்து வாசலில் போய் நின்றார். ஐயர் வெளியே வந்தார். எல்லோரையும் கேட்பது போலவே கேட்டார்.

“எந்த ஊர்?”

“பாளையங்கோட்டை.”

“வெளிக்கொட்டகையில தங்கிக்கலாம். மூணு நாள்.”

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். பெருமையும் போகக்கூடாது, வைராக்கியமும் போகக்கூடாது. என்ன மனுஷர் பாருங்கள்!

அன்றைக்கு மோர் விடுவதற்கு அம்மா காமாக்ஷி கொட்டகைக்கு வந்தாள். அந்த வீட்டுப் பெண்கள் அங்கே வருகிற வழக்கமே இல்லை. வந்தவள் ஒரு எட்டுத் தள்ளி நின்றுகொண்டு, வழிப்போக்கர்களிடம் பேசுகிற மாதிரியே பேசினாள்.

“ஆத்துல எல்லாரும் சௌக்கியமா?”

“கல்யாணம் ஆயிருக்கு. அவ பேர் யூனிஸ்.”

“நன்னா சமைப்பாளா?”

“ரசம் மட்டும் சரியா வரமாட்டேங்கறது.”

“பருப்புத் தண்ணி விடச் சொல்லுங்கோ. இன்னும் கொஞ்சம் சாதம் போட்டுக்கறேளா?”

பெற்ற மகனைப் பார்த்துப் “போட்டுக்கறேளா”!

பிறகு வருஷா வருஷம் இதுதான். மூன்று நாள் கொட்டகையில் இலை, மூன்று நாளும் விருந்தாளிப் பேச்சு. பெண் குழந்தை பிறந்ததையும், யூனிஸுக்கு விஷஜுரம் வந்து பிழைத்ததையும் அவள் அப்படித்தான் தெரிந்துகொண்டாள். நாலாம் நாள் காலையில் இவர் கிளம்பிவிட வேண்டும்.

“உங்கள மதிக்காத வீட்டுக்கு என்னத்துக்குப் போறிய?” என்று யூனிஸ் சண்டை போடுவாள். நானும் அவள் கட்சிதான்.

“எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம் வே,” என்பார் சாலமோன். “ஒரே ஒரு தடவை அம்மா ‘சாப்பிடுடா’ன்னு சொல்லிட்டா போதும். அப்புறம் நான் அந்தப் பக்கமே போகமாட்டேன்.”

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பத்தில் ஐயர் காலமானார். கல்லிடைக்குறிச்சிக்காரர் ஒருவர் கடைத்தெருவில் சொல்லித்தான் மகனுக்குத் தெரிந்தது. அழுதார், பாவம். ஆனால் அழுகைக்கு நடுவே அவருக்கு ஒரு நம்பிக்கையும் வந்துவிட்டது. தடுத்தவர் போய்விட்டாரே, இனி அம்மா பேசுவாள் என்று நினைத்தார். எனக்கும் அப்படித்தான் பட்டது. மறுவருஷக் கோடையில் அவள் தலையை மழித்து, நார்மடிப் புடவையோடு கொட்டகைக்கு வந்தபோது இவருக்குச் சோறு இறங்கவில்லை.

“அம்மா, இனிமேலாவது...” என்று ஆரம்பித்தாராம்.

“இலை காயறது. சாப்பிடுங்கோ,” என்றாளாம்.

மகன் என்று எண்ணிப் பேசக்கூடாது என்று ஐயர் சாகும்போது அவளிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். செத்த பிறகும் ஒரு மனுஷன் இப்படி வாசலை அடைத்துக்கொண்டு நிற்பானா?

அதற்கு அடுத்த வருஷம்தான் ஒரு வார்த்தை வந்தது. கிளம்பும்போது, மோர்ப்பானையைக் கீழே வைத்துவிட்டு, இவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னாளாம்: “அடுத்த தடவை வரச்சே நாலு நாளா வாங்கோ. மூணு நாள் போறல.”

ஐந்து தலைமுறையாக யாருக்கும் தராத நாலாவது நாள்! அந்த வருஷம் முழுவதும் சாலமோன் ஒரு பையனைக்கூட அடிக்கவில்லை. தட்டிக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லாமல் எனக்குப் பாடம் நடத்தக் கஷ்டமாக இருந்தது. “இந்தத் தடவை சொல்லிருவா வே. நீரும் கூட வாரும், காதாலே கேளும்,” என்று ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதின்மூன்றில் என்னையும் இழுத்துக்கொண்டு போனார். வண்டியில் உட்கார்ந்த இடத்தில் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை.

நாங்கள் போய் இறங்கியபோது சத்திரத்துக் கதவு ஒருக்களித்துச் சாத்தியிருந்தது. கொட்டகையில் ஆள் இல்லை. உள்ளேயிருந்து சாலமோனுடைய தம்பி முத்துசுப்பிரமணியன் வந்தான். ஈர வேட்டி, மழித்த தலை, விரலில் தர்ப்பை.

எனக்குப் புரிந்துவிட்டது. சாலமோன் மட்டும் சிரித்த முகமாகவே நின்றார்.

முத்து அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னான். “இது தீட்டு வீடு. அம்மா தவறிப்போய் நாலு நாளாறது. பதிமூணாம் நாள் ஆறவரைக்கும் வெளியாளுக்கு இங்க இலை போடற வழக்கமில்லை. எதிர்த்தாப்பல சாவடி இருக்கு, அங்க தங்கிக்கோங்கோ.”

“இவரு வெளியாளா வே?” என்று கத்திவிட்டேன்.

அவன் கண் நிறைந்துவிட்டது. “எனக்குத் தெரியாதா? வேற என்ன சொல்லச் சொல்றேள்? இவரை உள்ள விட்டா சாஸ்திரிகள் எழுந்து போயிடுவார். அம்மா காரியம் நின்னுபோகும்.”

சாலமோன் ஒன்றே ஒன்று கேட்டார். “ஏதாவது சொன்னாளா?”

“கடைசி ரெண்டு நாள் பேச்சே இல்லை,” என்றான் முத்து. பிறகு, “போயிட்டு வாங்கோ,” என்று கதவைப் பையச் சாத்தினான்.

மகனாக உள்ளே போக வழியில்லை என்று அவருக்கு முன்பே தெரியும். விருந்தாளியாகவும் போக முடியாமல் போகும் என்று அவர் நினைத்துப் பார்த்ததே இல்லை. நானும் நினைக்கவில்லை. பொய்யாகவாவது அந்தத் தம்பி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

படித்துறைக்கு நடந்தோம். வெயில் நேரத்திலும் ஆற்றில் கூட்டம். எள்ளும் தண்ணீரும் இறைத்துக்கொண்டு யார் யாரோ தங்கள் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் செய்துகொண்டிருந்தார்கள். சாலமோன் கடைசிப் படியில் நின்றார். சட்டையைக் கழற்றினார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“அப்பாத்துரை, நான் முழுகலாமா?”

அவருக்கு என்ன பயம் என்று எனக்குத் தெரியும். செத்தவர்களுக்காக முழுகுவது எங்கள் மார்க்கத்தில் இல்லை. அவரைச் சமாதானப்படுத்துகிறேன் என்று நினைத்துக்கொண்டு என் வாழ்நாளிலேயே பெரிய முட்டாள்தனத்தைச் செய்தேன்.

“வெறும் குளியல்தானே வே. யாரு என்ன சொல்லப்போறா? முழுகும்.”

அவர் ஆற்றைப் பார்த்தார். அப்புறம் சட்டையை எடுத்துத் திரும்பவும் மாட்டிக்கொண்டார்.

“வெறும் குளியல்னா வேண்டாம் வே,” என்றார்.