யாரும் மிதிக்காமல் எரிந்த பிரேக் லைட்

கடலுக்குப் போன அண்ணன் திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. அவனுடைய பழைய வேனில்தான் நான் துறைமுகத்துக்கு ஐஸ் ஏற்றுகிறேன்.

கொஞ்ச நாளாக யாரும் மிதிக்காமலே அதன் பிரேக் லைட் எரிந்தது. காலையில் பார்த்தால் பேட்டரி செத்துக் கிடக்கும்.

அம்மாவோ வேனுக்குப் பின்னால் ஜெபமாலையோடு உட்கார்ந்துவிட்டாள்.

"கல்லறை இல்லாத பிள்ளைக்கு எங்கன போயி மெழுகுதிரி கொளுத்த? அவனே கொளுத்திட்டாம்லே."

இன்று மெக்கானிக் அண்ணாச்சி பெடலுக்கு மேலே கைவிட்டுப் பார்த்தார்.

"பேயுமில்ல, பிசாசுமில்ல. பிரேக் லைட் சுவிட்சு ஒட்டிக்கிட்டுலே."

புதுசு மாட்டினோம். லைட் அணைந்தது.

அம்மா என்னையே பார்த்தாள். "ஏலே, அவனுக்குன்னு இருந்த ஒத்த வெளக்கையும் அமத்திட்டியே."

எரிந்தபோது வராத பயம், இப்போது வருகிறது.

பழைய சுவிட்சையே திரும்ப மாட்டப்போகிறேன். காலையில் வண்டி தள்ள யார் யார் வாரீய?