மேசை நடுவில் பருத்தி

ராமாமணிக்கு அந்த வீட்டில் வேலைக்கு மட்டும் என்றைக்கும் குறைவிருந்ததில்லை. அன்னூர்ப் பக்கத்தில் பிறந்து, வெள்ளகோவிலில் வாழ்க்கைப்பட்டு, பத்தொன்பது வயதில் புருஷனை விஷக்காய்ச்சலுக்குப் பறிகொடுத்துவிட்டு வந்தவள். கோயமுத்தூரில் சின்னதாக ஒரு நூல் மில் நடத்தி வந்த அண்ணன் சுந்தரராஜுலு அவளுக்குப் பின்கட்டில் ஓர் அறை கொடுத்தார். அறையோடு சேர்ந்து ஊறுகாய் போடுவது, பிள்ளைகளின் காய்ச்சலுக்கு விழித்திருப்பது, வந்தவர்களுக்குப் படுக்கை விரிப்பது எல்லாம் அவள் தலையில் வந்து விழுந்தன. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அதுவாகவே வந்து சேர்ந்தது.

வீட்டில் கல்யாணம் என்றால் அரிசியும் தேங்காயும் அடுக்கிய உக்கிராண அறைதான் அவளுக்கு இடம். எத்தனையோ கல்யாணங்களுக்கு உள்ளேயிருந்து சாமான் எடுத்துக் கொடுத்திருக்கிறாள். ஒரு தாலி கட்டுவதையும் பார்த்ததில்லை. கைம்பெண் எதிரில் வரக்கூடாது என்று யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அவளும் சொல்ல வைத்ததில்லை.

ஐம்பத்தெட்டாம் வருஷம் ஆனி மாதம் அண்ணன் மகன் வெங்கடபதி இன்ஜினீயரிங் பாஸ் செய்தான். அந்தக் குடும்பத்தில் அவன்தான் முதல் பட்டதாரி. வீட்டுக்கு முன்னால் புல்வெளியில் மேசை நாற்காலி போட்டு டீ பார்ட்டி வைப்பது என்று முடிவாயிற்று. குன்னூரில் ஒரு எஸ்டேட்காரர் வீட்டு விருந்துக்குப் போய்வந்ததிலிருந்து அண்ணி பங்காரம்மாவுக்கு ஓர் ஆசை.

"மேசைக்கு நடுவால அழகா ஏதாச்சும் வெக்கோணும் அம்மணி. அங்க அப்படித்தான் வெச்சிருந்தாங்க. நீதான் பாத்துக்கோணும்."

"நானுங்களா, வதினா?" அண்ணியை அவள் தெலுங்கில் அப்படித்தான் கூப்பிடுவாள்.

"இதுல என்ன? இது கல்யாணமா, சீரா? இதுக்கு ஒரு சாஸ்திரமும் இல்ல."

ராமாமணிக்கு அதைக் கேட்டதும் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. சாஸ்திரம் இல்லாத விசேஷம் என்று ஒன்று உலகத்தில் வந்திருக்கிறது. அதில் அவளும் முன்வாசலில் நிற்கலாம். ஆனால் அந்த வாரம் முழுக்க விருந்தாளிகளுக்கு முறுக்குச் சுற்றி முதுகு விட்டுப்போயிருந்தது. சந்தோஷப்படுவதற்குக்கூட உடம்பில் தெம்பில்லை.

முதலில் பித்தளை உருளியில் தண்ணீர் விட்டு அரளிப் பூவை மிதக்க விட்டுப் பார்த்தாள். பங்காரம்மா முகத்தைச் சுளித்தாள்.

"கோயில் வாசல் மாதிரி இருக்குது. படிச்ச பையனுக்கு வெக்கிறமில்ல, படிப்புக்குத் தோதா இருக்கோணும்."

அடுத்து, மில்லில் நூல் சுற்றும் மரப் பாபின்களை வரவழைத்து, அவற்றின் துளையில் செம்பருத்தியைச் செருகி நிறுத்தினாள். அது அவளுக்கே பிடித்திருந்தது. சாயங்காலம் வந்த அண்ணன் பார்த்த மாத்திரத்தில் கையை ஆட்டினார்.

"ஆளுங்க சம்பளம் கேட்டு வாசல்ல நிக்கிற நேரத்துல மில்லுச் சாமானை வெச்சா வெளையாடுவாங்க? எடுத்துப் போடு ராமா."

எடுத்துப் போட்டாள். கோபம்கூட வரவில்லை. பின்கட்டுப் படியில் சும்மா உட்கார்ந்திருந்தாள். வெங்கடபதி பழைய குப்பையை எரிப்பதற்காக அந்த வழியாக ஒரு கட்டுக் காகிதத்தைச் சுமந்துகொண்டு வந்தான். கல்லூரியில் அவன் வரைந்த படங்கள். பற்சக்கரமும் பாய்லருமாக நல்ல தடித்த காகிதம்.

"இதையெல்லாமா கண்ணு எரிக்கப் போற?"

"தப்பா வரஞ்சதெல்லாங்க அத்தை. வேணுமுன்னா எடுத்துக்கங்க."

அந்தப் படங்களைச் செம்புகளைச் சுற்றி உருளையாக வளைத்து, சிவப்பு நாடாவால் கட்டினாள். தூரத்திலிருந்து பார்த்தால் பட்டயத்தைச் சுருட்டி நிறுத்தின மாதிரியே இருந்தது. பக்கத்துக் காட்டிலிருந்து வெடித்த காயோடு காய்ந்த பருத்திக் குச்சிகளைக் கொண்டுவரச் சொல்லி உள்ளே நட்டாள். பங்காரம்மா சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள். "இது நம்முளுது," என்று மட்டும் சொன்னாள். அவ்வளவு பாராட்டு அந்த வீட்டில் ராமாமணிக்குக் கிடைத்து வெகு நாளாகியிருந்தது.

பார்ட்டியன்று மத்தியானமே மேற்கே பாலக்காட்டுக் கணவாய்ப் பக்கம் இரைச்சல் எழுந்தது. தோட்டக்காரன் நஞ்சப்பன் வந்து நின்றான்.

"காத்து வருதுங்க அம்மணி. மேசைய உள்ள போட்றலாமுங்க."

அண்ணன் சம்மதிக்கவில்லை. காரில் வருகிறவர்கள் புல்வெளியைப் பார்க்க வேண்டும் என்றார். ராமாமணி செம்பு ஒவ்வொன்றிலும் மணலை நிரப்பிக் கெட்டித்தாள். குனிந்து குனிந்து எழுந்ததில் இடுப்பு கழன்றுவிடும்போல் இருந்தது.

செம்புகள் சாயவில்லை. பஞ்சுதான் பறந்தது. டீயை ஊற்றும்போது முதல் கொத்து பிய்ந்து போயிற்று, அப்புறம் நிற்கவேயில்லை. கோப்பைகளுக்குள் பஞ்சு, கேக்கின் மேல் பஞ்சு, வக்கீல்களின் கறுப்புக் கோட்டில் பஞ்சு, பெண்டுகளின் கொண்டையில் பஞ்சு. யாரோ ஒருத்தர், "சுந்தரராஜுலு, மில்லை இங்கயே ஓட்டறீங்களா?" என்று கேட்க, எல்லாரும் சிரித்தார்கள். பங்காரம்மாவின் முகம் சிவந்துபோயிற்று. அண்ணன் தங்கையிடம் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"ராமா, இதெல்லாத்தையும் எடுத்துப்போட்டு சட்டுனு வேற ஏதாச்சும் வெய்யி."

"வேற ஒண்ணுமில்லீங்க அண்ணா."

"என்னது?"

"வேற ஒண்ணுமில்லீங்க. என்னால ஆகாதுங்க."

சொல்லிவிட்டுப் பக்கத்தில் காலியாக இருந்த நாற்காலியில் அவள் உட்கார்ந்தாள். துணிச்சலென்று அதைச் சொல்ல முடியாது. விடிந்ததிலிருந்து அவள் உட்காரவேயில்லை, அவ்வளவுதான். உட்கார்ந்த பிறகுதான் அது விருந்தாளிகளின் மேசை என்பது புத்தியில் பட்டது. எதிரே இருந்த கல்லூரிப் பேராசிரியர் செம்பைச் சுற்றியிருந்த காகிதத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏப்பா வெங்கடபதி, இந்தப் படத்துக்கு நான் முட்டை மார்க் போட்டேனே, ஞாபகம் இருக்குதா?"

"இருக்குதுங்க சார்," என்றான் அவன். சிரித்தபடியே ஒரு கோப்பை டீயைக் கொண்டுவந்து அத்தையின் முன்னால் வைத்தான். அதிலும் ஒரு பஞ்சுத் துணுக்கு மிதந்தது. ராமாமணி அதை விரலால் ஒதுக்கிவிட்டுக் குடித்தாள். எல்லாருக்கும் நடுவில் உட்கார்ந்து அவள் குடித்த முதல் டீ அதுதான். ஆறிப்போயிருந்தது.

பங்காரம்மா ராத்திரிச் சாப்பாட்டின்போது, "காத்து அடிச்சா நீ என்ன பண்ணுவே," என்று சொல்லிவிட்டு ரசத்தை ஊற்றினாள்.

ஊருக்குள் ஆட்கள் அந்தப் பஞ்சுக் கதையைப் பேசிச் சிரித்ததில் அவள் பேரும் பரவிற்று. அதற்கடுத்த வருஷங்களில் யார் வீட்டுப் பிள்ளை பட்டம் வாங்கினாலும், மேசை அலங்காரம் செய்து தரச்சொல்லி அவளுக்குக் கார் வந்தது. கையில் அகப்பட்டதை வைத்தாள்: சோளக்கதிர், பாக்குப் பாளை, ஒரு டாக்டர் பையனுக்கு மருந்துப் புட்டிகளில் துளசி. பாதி வீடுகளுக்கு மாட்டேனென்று சொல்லிவிடலாமா என்று நினைப்பாள். ஆனாலும் போனாள். முன்வாசல் வழியாக வாங்க என்று கூப்பிடுகிற வீடுகள் அவளுக்கு வேறு ஏது?

அறுபத்து மூன்றில் வெங்கடபதிக்குக் கல்யாணம். அதற்குச் சாஸ்திரம் இருந்தது. ராமாமணி உக்கிராண அறைக்குப் போனாள். முகூர்த்தத்துக்குக் கொஞ்சம் முன்னால் மாப்பிள்ளைக் கோலத்தோடு அவனே தேடி வந்துவிட்டான்.

"வாங்க அத்தை, மணவறைக்கிட்ட வந்து நில்லுங்க. யாரு என்ன சொல்றாங்கன்னு நான் பாக்கறேன்."

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். நெற்றிச் சாந்து வியர்வையில் வழிந்திருந்தது, முந்தானையால் ஒற்றிவிட்டாள்.

"வேண்டாங் கண்ணு. நேரமாகுது, போ. நீ வந்து கூப்பிட்டியே, எனக்கு அது போதும். நான் ரெண்டு நாளா தூங்கல."

அவன் தயங்கித் தயங்கிப் போனான். ராமாமணி கதவைச் சாத்தி, இரண்டு வெறுஞ்சாக்குகளை விரித்துத் தேங்காய்க் குவியலுக்குப் பக்கத்தில் படுத்தாள். வெளியே கெட்டிமேளம் முழங்கியபோது நன்றாகத் தூங்கிப்போயிருந்தாள்.